மூன்றாவது அணியும் மதுரையின் இடதுசாரி வாக்கும்

2016 சட்டமன்றத் தேர்தலில் மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளில் எட்டு அதிமுகவுக்கும் இரண்டு திமுகவுக்கும் போயின. மதிமுக, விடுதலைச் சிறுத்தைகள், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள் சேர்ந்து தொடங்கிய மக்கள் நலக் கூட்டணிக்கு ஒன்றும் கிட்டவில்லை. இடதுசாரிகள் கால் ஊன்றாத ஊர் என்றால் இதில் வியப்பில்லை. மதுரையோ அவர்களின் பழைய கோட்டை.

ஹார்வி மில் தொழிலாளர் பலத்தில் சங்கங்கள் வளர்ந்த நகரம் இது. 1952-இல் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் வென்றார். 1957-இல் கே.டி.கே. தங்கமணி மக்களவைக்குப் போனார். ஆனால் 1967 முதல் வெற்றியின் வழி மாறிவிட்டது. அவ்வாண்டு ராமமூர்த்தி மதுரை மக்களவைத் தொகுதியையும், என். சங்கரய்யா மதுரை மேற்கையும் கைப்பற்றியது திமுக அணியில் நின்று. 1977-இல் சங்கரய்யா மதுரை கிழக்கில் வென்றபோது துணை அதிமுக. மேடையில் சிரிக்கவைத்தே அரசியல் பேசிய நன்மாறன் அதே தொகுதியில் 2001-இல் அதிமுக அணியிலும், 2006-இல் திமுக அணியிலும் வென்றார். பெரிய கட்சி மாறினாலும் அரிவாள் சுத்தியலுக்கு விழும் வாக்கு மாறவில்லை. பெரிய கட்சி இல்லாமல் அந்த வாக்கு மட்டும் போதியதாகவும் இல்லை.

அந்தத் துணையை உதறிப் பார்த்த முயற்சி 2016-க்கு முன்பே நடந்தது. 1996-இல் மதிமுக, மார்க்சிஸ்ட், ஜனதா தளம் தனி அணி அமைத்தன. மார்க்சிஸ்ட்டுக்கு விளவங்கோடு ஒன்று மட்டும் கிடைத்தது, மதிமுகவுக்குப் பூஜ்யம். வைகோ விளாத்திகுளத்தில் 634 வாக்கில் தோற்றார்.

இருபது ஆண்டு கழித்துத் திட்டம் விரிவாகவே இருந்தது. 2015 நவம்பரில் குறைந்தபட்ச செயல்திட்டம் வந்தது. கூட்டணி ஆட்சி என்ற முழக்கத்தைத் திருமாவளவன் முன்வைத்தார். திராவிடக் கட்சிகள் இடம் தரும், அதிகாரத்தில் பங்கு தராது என்ற ஆதங்கம் நியாயமானதே. 2016 மார்ச்சில் தேமுதிக வந்து சேர, விஜயகாந்த் முதல்வர் வேட்பாளர் ஆனார். அவர் 2005 செப்டம்பரில் கட்சி தொடங்கியதும் மதுரையில்தான். அடுத்து தமாகாவும் வந்தது. தொகுதிப் பங்கீட்டில் தேமுதிகவுக்கு 104, மதிமுகவுக்கு 29, தமாகாவுக்கு 26, மற்ற மூன்றுக்கும் தலா 25.

மாற்று அரசியல் பேசிய அணி, தலைமைக்கு ஒரு நட்சத்திரத்தைத் தேடியது அதன் பலவீனத்தைக் காட்டியது. கூட்டணி பெற்ற வாக்கு ஏறத்தாழ ஆறு விழுக்காடு; தொகுதி ஒன்றும் இல்லை. விஜயகாந்த் உளுந்தூர்ப்பேட்டையில் டெபாசிட் இழந்தார். திருமாவளவன் காட்டுமன்னார்கோவிலில் 87 வாக்கில் தோற்றார். மாநிலமெங்கும் மெல்லிய படலமாகப் பரவிய வாக்கு, தொகுதிக்கு ஒருவரே வெல்லும் நம் முறையில் இடமாக மாறாது. சிறு கட்சிகளைக் கூட்டுவதால் மட்டும் அந்தப் படலம் தடிக்காது.

2016 டிசம்பரில் மதிமுக விலகியது. 2019 மக்களவைத் தேர்தலில் தொடக்க நான்கு கட்சிகளும் திமுக அணியில் ஏழு தொகுதிகளில் நின்று ஏழையும் வென்றன. மதுரையில் மார்க்சிஸ்ட் வேட்பாளர் சு. வெங்கடேசன் 1.39 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார்.