காற்றின் அளவும் நிறையும்

எண்ணல், நிறுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காகப் பகுத்துக் கற்பிப்பது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். தொல்காப்பியர் தொகைமரபில் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் ஒருங்கே பேசினாலும் அவற்றை இரு வகையாகவே வைக்கிறார். நாழியும் படியும் ஒரு பக்கம். கழஞ்சும் பலமும் மறு பக்கம். நெல்லை இவ்விரண்டில் எதனால் அளந்தாலும் பெரிய இழப்பில்லை. காற்றுக்கு அப்படியன்று. காற்றை முகந்து அளப்பதா, நிறுத்து அளப்பதா என்னும் கேள்வி தொழிலுலகில் நூறாண்டுக்கு மேற்பட்டது. அதனைத் திருச்செங்கோட்டிலிருந்து தொடங்கிப் பார்ப்பது பொருத்தம். காற்றை வேலைக்கு வைத்துப் பிழைக்கும் ஊர் அது.

அர்த்தநாரீசுவரர் மலையின் அடிவாரத்திலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் செல்கின்றன. பாறையைத் துளைக்கும் சுத்தியல் குழியின் அடியில் இருக்க, அதனை இயக்குவதும் பொடியை மேலே தள்ளுவதும் லாரியிலிருக்கும் கம்ப்ரசரின் காற்றே. 1966-67ஆம் ஆண்டுகளின் பீகார் வறட்சியை ஒட்டி யுனிசெஃப் நிறுவனம் இத்தகைய பொறிகளை இந்தியாவுக்குக் கொணர்ந்தது. கடும்பாறை நிலங்களில் அதன்பின் பரவிய இத்தொழில் கொங்கு நாட்டில் வேரூன்றி, திருச்செங்கோட்டைத் தன் தலைநகராக்கிக் கொண்டது.

கம்ப்ரசரின் திறனை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்றே சொல்வர். இது முகத்தல் அளவை. கடல் மட்டத்தில் 0 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.29 கிலோ. நம் சித்திரை வெயிலில், 40 பாகையில், அதே கன மீட்டர் 1.13 கிலோவே நிற்கும். நைரோபி போல 1,700 மீட்டர் உயரமுள்ள மேட்டு நிலத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. கம்ப்ரசர் விழுங்கும் படி மாறுவதில்லை. படிக்குள் இருக்கும் பண்டம் குறைகிறது. அதற்கேற்பத் துளைக்கும் வலுவும் குறைகிறது.

இச்சிக்கலுக்கு விடை தேடியவருள் முன்னோடி அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்ல் தாமஸ். 1911இல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது. குழாயில் ஓடும் வாயுவை மின்கம்பியால் சிறிது சூடாக்கினார். முன்னும் பின்னும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை மாறாமல் வைத்தார். அதற்குச் செலவாகும் மின்சாரத்தைக் கணக்கிட்டார். மின்சாரமே வாயுவின் நிறையைச் சொல்லிவிட்டது. மூன்றாண்டு கழித்து, 1914இல், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து லூயி கிங், காற்றோட்டத்தில் நிற்கும் சூடான மெல்லிய கம்பி எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்பதற்குக் கணிதச் சமன்பாடு வகுத்தார். இன்றைய வெப்பவழி நிறைப்பாய்வு மானி இவ்விருவரின் வாரிசு.

அதன் உள்ளே பிளாட்டினத்தாலான இரண்டு உணரிகள் உண்டு. ஒன்று வாயுவின் வெப்பத்தை அறியும். மற்றொன்று அதனைவிடக் குறித்த பாகை கூடுதலாகச் சூடேற்றப்பட்டிருக்கும். கடந்து செல்லும் மூலக்கூறுகள் சூட்டைக் களவாடிச் செல்ல, இழப்பை ஈடுகட்டும் மின்திறன் கணக்காகிறது. சுழலும் உறுப்பு ஏதுமில்லை. குழாயில் துளைத்தகடு வைத்து அழுத்த வித்தியாசம் பார்க்கும் பழைய முறையில், ஓட்டம் பத்தில் ஒன்றானால் அழுத்த வித்தியாசம் நூறில் ஒன்றாகிவிடும். மெல்லிய ஓட்டம் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். வெப்பமானிக்கு மெல்லிய ஓட்டமே கைவந்த கலை.

நாமக்கல், சேலம் மாவட்டங்களின் நூற்பாலைகளில் இத்திறனுக்கு வேலையுண்டு. அழுத்தக் காற்று ஆலையில் விலையுயர்ந்த பண்டம். ஆயினும் கசிந்தால் கறைபடாது, நாற்றமும் இராது. 7 பார் அழுத்தக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் ஏறக்குறைய மூன்று நான்கு கிலோவாட் மின்சாரம் இரவும் பகலும் வீணாகும். எந்திரங்கள் யாவும் நின்ற விடுமுறை நாளில் குழாயில் மானி காட்டும் ஓட்டம் முழுவதும் கசிவே என்று கொள்ளலாம்.

இன்னொரு களம் சவ்வரிசி ஆலை. இரண்டாம் உலகப்போரில் கிழக்காசியச் சரக்கு நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினர். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு பதிவாகும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது, கழிவுநீரும் வளர்ந்தது. தேங்கிப் புளிக்கும் அந்நீரிலிருந்து எழும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. மூடிய கலனில் பிடித்தால் அதுவே எரிபொருள். 2005இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ உடன்படிக்கையின்கீழ், இப்படி மீத்தேனைப் பிடிப்போர்க்குக் கார்பன் வரவு கிடைக்கும் வழி ஏற்பட்டது. பிடித்த வாயுவை மானி வைத்துத் தொடர்ந்து அளக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சாக்கடை நாற்றமாக இருந்தது கணக்கேட்டில் வரவாக ஏறியது.

இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். மீத்தேனின் வெப்பங்கடத்தும் திறன் கரியமில வாயுவினதைப் போல் இருமடங்கு. சாண எரிவாயுவைப் போலவே சவ்வரிசிக் கழிவின் வாயுவும் இவ்விரண்டின் கலவை. அவற்றின் விகிதம் நாளுக்கு நாள் மாறும். ஒரு விகிதத்துக்கென்று திருத்தி வைத்த மானி மற்றொரு விகிதத்தில் பிழைபடும். வாயுவோடு வரும் நீர்த்துளி சூடான உணரியில் பட்டு ஆவியானால், அது கவரும் வெப்பத்தையும் மானி வாயுவின் ஓட்டமாகவே எண்ணிக்கொள்ளும். இல்லாத வாயு வரவாகும். ஆகவே ஈரத்தைப் பிரிக்கும் கலன், மீத்தேன் விகிதம் காட்டும் கருவி, காலந்தோறும் அளவைத் திருத்தம் ஆகியன உடன் இருந்தாலன்றி இம்மானியின் எண்ணை நம்புவதற்கில்லை.

அங்காடியில் படியின் அடியைத் தட்டிப் பார்த்து வாங்கியவர்கள் நம் முன்னோர். கழிவு வாயுவின் கணக்கைப் படிக்கும்போதும், மானி எந்த வாயுவுக்குத் திருத்தப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது என்ற இரண்டையும் முதலில் கேட்டறிவது நலம்.