அகதிகளுக்கென்று கட்டிய ஊர்

வேஸர் ஆற்றோடு டீமல் ஆறு வந்து சேருமிடத்தில், ஹெஸ்ஸன் மாநிலத்தின் வடமுனையில், பாட் கார்ல்ஸ்ஹாபன் இருக்கிறது. நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர். உப்பு ஊற்றுநீரில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வயோதிபர்கள் வருவார்கள். நான் போனது வேறு காரணத்துக்காக. அகதிகளைக் குடியேற்றவென்று 1699ல் வரைபடம் கீறிக் கட்டிய ஊர் இது.

புரட்டஸ்தாந்தினருக்கு வழிபாட்டுரிமை தந்த நான்ற் சாசனத்தை 1685 ஒக்டோபரில் பிரெஞ்சு மன்னன் 14ம் லூயி ரத்துச் செய்தான். ஹூகெனோட்டுகள் என்ற அம்மக்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதும் குற்றம். பிடிபட்ட ஆண்கள் கப்பல்களில் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டனர். ஹெஸ்ஸன்-காசல் சிற்றரசன் கார்லோ அவ்வருட ஏப்ரலிலேயே அவர்களை அழைத்துவிட்டான். அப்போதும் பின்வந்த அறிவித்தல்களிலும் வரிவிலக்கு, சொந்தத் தேவாலயம், பிரெஞ்சுப் பிரசங்கம், பாடசாலை என்று வாக்களித்தான்.

இதை வெறும் கருணையென்று சொல்ல எனக்கு மனமில்லை. முப்பதாண்டு யுத்தத்தில் சனம் அழிந்துபோன நாடு அது. கைத்தொழில் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். வேஸரில் வரும் சரக்கையெல்லாம் ஹனோவர் ஆட்சிக்குட்பட்ட முண்டன் நகரில் இறக்கி விற்பனைக்கு வைத்தாக வேண்டும். அதைத் தவிர்த்துக் காசலுக்கு ஒரு கால்வாய் வெட்டுவது கார்லின் கனவு. அக்கால்வாயின் வாசல்தான் இந்த ஊர். 1730ல் அவன் இறக்க, கால்வாய் பாதியில் நின்றது. அதே ஆண்டில் ஜாக் கலான் என்ற ஹூகெனோட் மருந்துக்கடைக்காரர் உப்பு ஊற்றைக் கண்டுபிடித்தார். மன்னனின் கணக்குப் பிழைத்தது. அகதியின் உப்பு இன்றும் ஊருக்குச் சோறு போடுகிறது.

எண்பதுகளின் நடுவில் இதே மாநிலத்தில் அகதிமுகாமொன்றில் இருந்தேன். வேலை செய்யத் தடை. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். கணக்குப் பார்த்தாவது வரவேற்ற கார்லை அந்நாட்களில் நான் அறிந்திருக்கவில்லை.

ஆனால் என்னை உறுத்துவது மொழி. கார்ல்ஸ்ஹாபனில் ஆரம்பத்திலிருந்தே ஜேர்மன்காரரும் கலந்து குடியிருந்தனர். பிரெஞ்சு சில தலைமுறைகளில் கரைந்தது. தெற்கே, 1687ல் இதே அகதிகள் அமைத்த பிரீட்றிக்ஸ்டோர்ப்பிலோ 19ம் நூற்றாண்டிலும் பிரெஞ்சு பேசினார்கள். (தொலைபேசிக்கு முன்னோடியான கருவியைச் செய்த பிலிப் றைஸ் அங்கேதான் ஆசிரியராயிருந்தார்.) காரணம் இலக்கியப்பற்றல்ல. அங்கே அநேகமாக அவர்கள் மட்டுமே இருந்தார்கள். தமக்குள்ளேயே மணம் செய்தார்கள். நமது தமிழ்ப் பாடசாலைக் கூட்டங்களில் மொழியைக் காப்போம் என்று முழங்குகிற நண்பர்கள் இந்த விலையையும் சேர்த்துப் பேசினால் விவாதிக்கலாம். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் நமக்கு அது பெரிய விலையாகத் தெரியாமலும் போகலாம்.

பழைய புகையிலைத் தொழிற்சாலையொன்றில் ஹூகெனோட் நூதனசாலை இருக்கிறது. நான் நின்ற நேரம் ஒரு வயோதிபத் தம்பதி தங்கள் குடும்பப் பெயரைத் தேடி வந்தார்கள். பிரெஞ்சுப் பெயர். அவர்கள் அதை ஜேர்மன் உச்சரிப்பில் சொல்ல, வாயிலில் இருந்த பெண் புரியாமல் எழுதிக் காட்டச் சொன்னாள்.