பூச்சாண்டியின் இறுதி ஊர்வலம்

2022 அக்டோபரில் வெளியான 'ஹாலோவீன் எண்ட்ஸ்' இரசிகர்கள் பலரைச் சினம் கொள்ள வைத்தது. 44 ஆண்டுகள், 13 படங்கள் என நீண்ட தொடர் முடிகிற இடத்தில், கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ் வெகுநேரம் கண்ணிலேயே படுவதில்லை. கோரி என்ற புதிய இளைஞன் ஒருவனே படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறான். முதன்முறை பார்த்தபோது நாமும் சினந்தவர்களின் பக்கமே இருந்தோம். பழைய படங்களை வரிசையாக மீண்டும் பார்த்த பிறகுதான் எண்ணம் மாறியது.

1978இல் ஜான் கார்ப்பென்டர் முதற்படத்தை எடுத்தபோது கையிலிருந்தது சுமார் 3 லட்சம் டாலர். 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றை மலிவாக வாங்கி, வெள்ளையடித்து, கண்துளைகளைப் பெரிதாக்கிக் கொலைகாரனுக்கு மாட்டினார்கள். கதையும் எளியதே. இலினாய் மாநிலத்தின் ஹாடன்ஃபீல்டு என்னும் கற்பனைச் சிற்றூரில், 1963இல், ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தன் அக்காளைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். பதினைந்து ஆண்டுகள் மனநோய் விடுதியில் கிடந்தபின் தப்பி ஊர் திரும்புகிறான். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் லாரி என்ற பள்ளி மாணவியைத் தொடர்கிறான். லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸுக்கு அப்போது வயது 19. ('சைக்கோ' படத்தில் குளியலறையில் கொலையுண்ட ஜேனட் லீயின் மகள் இவர்.)

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கைச் சொல்கிறது. இந்த மைக்கேலை எதில் சேர்ப்பது? விடுதியிலிருந்து தப்பியவன் என்ற அளவில் அவன் கள்வர் இனம். படத்தில் ஒரு கணம் முகமூடி கழன்று, சாதாரண இளைஞன் ஒருவனின் முகம் தெரியவும் செய்கிறது. ஆனால் நடிகர் பட்டியல் முகமூடி அணிந்த மைக்கேலுக்குப் பெயர் தரவில்லை. 'உருவம்' என்று மட்டும் சொல்கிறது. மருத்துவர் லூமிஸ் ஆறு முறை சுட, அவன் மாடியிலிருந்து விழுகிறான். எட்டிப் பார்த்தால் புல்தரை வெறுமையாகக் கிடக்கிறது. வந்தது பூச்சாண்டிதானா என்று லாரி கேட்கிறாள். படித்த மருத்துவர் ஆமென்கிறார். பின் வெற்று அறைகள் ஒவ்வொன்றாக வருகின்றன, மூச்சொலி மட்டும் கேட்கிறது. கள்வன் அணங்காகிவிட்டான். பிணம் கிடைக்காததுதான் அவனை அணங்காக்கியது.

பின்வந்த படங்கள் இந்த வெற்றுப் புல்தரையை வைத்துப் பிழைத்தன. 1981இல் லாரி அவனுடைய தங்கை என்றார்கள். காரணமற்று வந்த தீங்குக்குக் குடும்பக் காரணம் கற்பித்ததும் பாதி அச்சம் போயிற்று. 1982இல் மைக்கேலே இல்லாத கதையொன்றைச் சொல்லிப் பார்த்தார்கள், மக்கள் ஏற்கவில்லை. 1988இல் திரும்ப அழைத்து வந்தார்கள். 1995இல் இரகசிய வழிபாட்டுக் கூட்டம், சாபம் என்று ஏதேதோ சேர்ந்தன. அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நன்று. 1998இல் லாரி கோடரியால் அவன் தலையை வெட்டினாள். முடிந்தது என்று மூச்சுவிட்டவர்களிடம் 2002இல், அவள் வெட்டியது முகமூடி மாட்டப்பட்ட ஆம்புலன்சு ஊழியன் ஒருவனை என்றார்கள். அந்தத் திருத்தத்தை நம்மால் இன்றும் மன்னிக்க இயலவில்லை. ஒரு பெண் இருபதாண்டு அச்சத்துக்குப் பின் ஓங்கிய கோடரி அது. வசூலுக்காக அவளைக் கொலைகாரியாக்கி, அதே படத்தின் தொடக்கத்தில் அவளையும் கொன்றார்கள்.

முதல் எட்டுப் படங்களுக்கும் பின்னால் நின்ற தயாரிப்பாளர் முஸ்தபா அக்காட் சிரியாவில் பிறந்தவர். நபிகள் நாயகத்தின் காலத்தைக் காட்டும் 'தி மெசேஜ்' (1976) படத்தை இயக்கியவரும் இவரே. மைக்கேலைச் சாகவிடாமல் காத்தவர் என்று அவரைச் சொல்லலாம். 2005 நவம்பரில் ஜோர்தானின் அம்மான் நகர விடுதிகளில் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. அக்காடின் மகள் ரீமா உயிரிழந்தார். படுகாயமுற்ற அக்காடும் இரண்டு நாளில் இறந்தார். தொடரைப் பற்றி எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. நமக்கோ, இதை அறிந்தபின் மைக்கேல் எழுந்து உட்காரும் காட்சிகளைப் பழைய உற்சாகத்தோடு பார்க்க முடியவில்லை.

2018இல் இயக்குநர் டேவிட் கார்டன் கிரீன் முதற்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இடைப்பட்ட யாவற்றையும் அழித்தார். லாரி இப்போது பாட்டி. வீட்டைக் கோட்டையாக்கி நாற்பதாண்டுகள் காத்திருந்தவள். 2021இன் படத்தில் ஊரே கும்பலாகத் திரண்டு, மைக்கேல் என நினைத்து வேறொரு நோயாளியைத் துரத்திச் சாகடிக்கிறது. இறுதிப் படத்தின் கோரியும் அதே ஊர் ஆக்கியவன்தான். அவன் காவலில் இருந்த சிறுவன் விபத்தில் இறந்துவிட, ஊர் அவனைக் கொலைகாரன் என்றே பார்க்கிறது. மெல்ல மெல்ல அவன் அப்படியே ஆகிறான். மைக்கேலோ மூப்பெய்திச் சாக்கடைக் குழாய்க்குள் பதுங்கிக் கிடக்கிறான். தொல்காப்பியர் சொன்ன நான்கில் அடங்காத ஐந்தாவது ஒன்றை, அண்டைவீட்டாரை, கிரீன் காட்டியிருக்கிறார். கோரிக்கு மனம் திரியும் வேகம் நம்பும்படியாக இல்லை என்ற குறையை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் கடைசி இருபது நிமிடங்கள்! சமையலறையில் லாரி அவனை வீழ்த்துகிறாள். முகமூடியைக் கழற்றுகிறாள், உள்ளே இருப்பது அறுபதைக் கடந்த மனிதன். அத்தோடு நில்லாமல், உடலைக் காரின் மேல் கட்டி ஊர் வழியே கொண்டு செல்கிறார்கள். ஊரார் பின்தொடர்கிறார்கள். பழைய வண்டிகளை நொறுக்கும் களத்தில், எல்லாரும் பார்த்து நிற்க, உடல் அரவை இயந்திரத்துக்குள் தள்ளப்படுகிறது. இது மிகை என்று எள்ளியவர்கள் உண்டு. நமக்கு 1978இன் வெற்றுப் புல்தரைதான் நினைவுக்கு வந்தது. அன்று காணாமற்போன பிணத்தை இன்று ஊரே கண்டது. அணங்கு மீண்டும் மனிதனாகிச் செத்தது.

பிறகு, முதற்படத்தில் போலவே, லாரி வீட்டின் வெற்று அறைகள் வருகின்றன. மேசையின் மேல் அந்த முகமூடி கிடக்கிறது. அதை மட்டும் ஏன் இயந்திரத்துக்குள் போடவில்லை என்று அருகிலிருந்தவர் கேட்டார். அடுத்த ஆண்டே, 2023இல், ஹாலோவீனின் தொலைக்காட்சி உரிமையை மிராமாக்ஸ் நிறுவனம் வாங்கியது.