காஸாவில் தங்கியிருந்த கிரேக்கத் தீவு



கூட்டமில்லாத, பழைமை மாறாத கிரேக்கத் தீவு எது என்று தேடினால் கஸ்தெலோரிசோவின் பெயரும் வரும். துருக்கியின் காஷ் நகருக்கு எதிரே, சுமார் இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள சின்னஞ்சிறு தீவு. துறைமுகத்தைச் சுற்றி வண்ண வண்ண வீடுகள், மீன்பிடி வள்ளங்கள், தெளிந்த நீரில் கடலாமைகள். சனத்தொகை சுமார் 500 தான். படங்களைப் பார்த்தால் ஒருமுறை போய்வர நமக்கும் ஆசை வரும்.

ஆனால் அந்த அமைதி எப்படி வந்தது?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், உஸ்மானியர் ஆட்சியில், அங்கே 9,000 பேரளவில் வாழ்ந்தார்கள். அனடோலியாவின் மரத்தையும் கரியையும் பாய்க்கப்பல்களில் எகிப்துக்குக் கொண்டுபோய் விற்ற ஊர் அது. நீராவிக் கப்பல்கள் வந்தன, தொழில் படுத்தது. முதலாம் உலக யுத்தம் வந்தது. பின்னர் தீவு இத்தாலியரின் கைக்குப் போக, எதிர்க்கரையோடு இருந்த உறவும் அறுந்தது. குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள்.

1943இல் ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசின. எஞ்சியிருந்த மக்களைப் பிரித்தானியர் வெளியேற்றினர். முதலில் சைப்பிரஸ், பிறகு காஸா. ஆம், நாம் தினமும் செய்தியில் கேட்கும் அதே காஸாதான். நுஸைராத் முகாமில் அன்று இருந்தவர்கள் கிரேக்க அகதிகள்.

அவர்கள் அங்கிருக்கும்போதே, 1944இல், ஊரில் பெருந்தீ மூண்டு வீடுகள் எரிந்தன. 1945 செப்டெம்பரில் ஊர் திரும்பியவர்களை ஏற்றிய 'எம்பயர் பட்ரோல்' கப்பல் போர்ட் சயீத் அருகே தீப்பிடித்தது. 33 பேர் உயிரிழந்தனர். தப்பி வந்தவர்கள் கண்டது இடிந்த சுவர்களைத்தான். பலர் மீண்டும் அவுஸ்திரேலியாவுக்கே போனார்கள்.

மூன்றே வருடங்களில், 1948இல், அதே நுஸைராத்துக்குப் பலஸ்தீன அகதிகள் வந்தார்கள். கிரேக்கர்களுக்குத் திரும்பிப்போக ஓர் ஊர் இருந்தது, அது இடிந்து கிடந்தாலும். இவர்கள் இன்னும் திரும்பவில்லை.

கஸ்தெலோரிசோவின் துறைமுக வாயிலில் உஸ்மானியர் காலத்துப் பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. இன்று அது நூதனசாலை. தொழுகை இல்லை.

அமைதியான ஊர் என்று யாரும் சொன்னால், அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். பூட்டிய வீடுகளின் அமைதி எமக்கும் தெரியாததல்ல. பிள்ளைகளுக்கு வரைபடத்தில் அந்தத் தீவைக் காட்டும்போது, விரலை அப்படியே தென்கிழக்கே நகர்த்திக் காஸாவையும் காட்டுவோம்.