ஹார்டியின் யாப்பும் கோதிக் வாதமும்: ஒரு மறுப்பு

தாமஸ் ஹார்டி கட்டடக்கலைஞராக வாழ்ந்தது பதினாறே ஆண்டுகள். 1856இல் டார்செஸ்டரில் ஜான் ஹிக்ஸிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். 1872இல், லண்டனில் ரோஜர் ஸ்மித்திடம் பள்ளிக்கூடங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது, தொடர்கதை எழுதுவதற்காக அத்தொழிலை விட்டார். இந்தக் குறுகிய தொழில்வாழ்வு அவர் கவிதைக்கு என்ன தந்தது என்ற கேள்விக்கு வழிவழியாக ஒரே விடைதான் சொல்லப்பட்டு வருகிறது. அந்த விடையை நான் ஏற்கவில்லை.

விடையின் மூலம் 1928இலும் 1930இலும் இரு பாகங்களாக வந்த ஹார்டியின் வாழ்க்கை வரலாறு. முகப்பில் இருப்பது இரண்டாம் மனைவி ஃபிளாரன்ஸின் பெயர். பெரும்பகுதியை ஹார்டியே படர்க்கையில் எழுதிவைத்தார் என்பது இன்று யாவரும் அறிந்தது. ஆகவே நான் மறுக்க வேண்டியிருப்பது ஹார்டியையேதான். அவர் வாதம் இது: கட்டடத்தில் தேர்ந்த ஒழுங்கின்மைக்குப் பெருமதிப்பு உண்டு, தாம் பயின்ற கோதிக் கலையின் அந்த இயல்பைத் தாமே முழுதும் உணராமல் செய்யுளுக்குள் கொண்டுவந்தார், அதனால்தான் அவருடைய சந்தங்கள் எதிர்பாராத வகையில் திரும்புகின்றன, அசைக்கணக்கைவிட அழுத்தத்தை நம்புகின்றன.

கேட்கும்போதே மனம் ஒப்பும் விளக்கம்தான். ஆனால் அது நூலில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1898இல் வந்த 'வெசெக்ஸ் கவிதைகள்' தொகுதியின் செய்யுளைக் கரடுமுரடானது என்று மதிப்புரையாளர்கள் குறைகூறியதற்கு மறுமொழியாகவே அது வருகிறது. நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர், ஐம்பத்தெட்டு வயதில் முதல் கவிதைத் தொகுதியை வெளியிட்டு, 'இவருக்கு யாப்பு தெரியாது' என்ற பேச்சைக் கேட்க நேர்ந்தது. 'தெரிந்தே செய்தேன்' என்பது அவருடைய பதில். அதில் நியாயம் உண்டு. ஆயினும் அது வழக்கில் வைத்த வாதம். அலுவலகத்தில் என்ன பயின்றார் என்பதற்கான சாட்சியம் ஆகாது. எழுதியது எண்பதை நெருங்கிய வயதில். ஆதாரமான பழைய குறிப்புகளில் பெரும்பகுதியை அவரே எரித்துவிட்டார்.

அவர் பயின்ற கோதிக்தான் எது? ஒழுங்கின்மையே கோதிக்கின் உயிர் என்பது 1853இல் ரஸ்கின் எழுதிய கருத்து, புத்தகத்திலிருந்து வந்தது. ஹிக்ஸின் அலுவலகத்துக்கு வந்த வேலையோ தேவாலயத் திருப்பணி. அன்றைய திருப்பணி என்றால் நூற்றாண்டுகளாகக் கோணலும் மாணலுமாகச் சேர்ந்திருந்தவற்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு, நூல்பிடித்தாற்போல் புதிது வைப்பது. கார்ன்வால் செயின்ட் ஜூலியட்டில் நடந்ததே போதும். 1870 மார்ச்சில் ஹார்டி அளவெடுக்கப் போன தேவாலயம் அது. பின்னாளில் முதல் மனைவியான எம்மாவைச் சந்தித்ததும் அங்கேதான். பழைய மரத்தடுப்பைப் பழுதுபார்க்க நுணுக்கமாக வரைந்து கொடுத்தார். திரும்ப வந்து பார்த்தால், வேலை எடுத்தவர் செலவைப் பாராமல் பளபளக்கும் புதுத் தடுப்பு ஒன்றைப் பெருமையோடு நிறுத்தியிருந்தார். 1906இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்கு எழுதிய உரையில் இத்தகைய திருப்பணிகளையும் அவற்றில் தம் பங்கையும் ஹார்டி வருத்தத்தோடு எண்ணிப் பார்க்கிறார். ஒழுங்கின்மையை அழிக்கும் தொழிலில் பழகியவர் அங்கிருந்தே ஒழுங்கின்மையைக் கற்றார் என்பது எப்படிப் பொருந்தும்?

இனி, என் வாதம் முக்கியமாகச் சார்ந்திருக்கும் கவிதைக்கு வருகிறேன். 'வெசெக்ஸ் கவிதை'களில் 'சீமாட்டியும் கட்டடக்கலைஞனும்' என்று ஒன்று உண்டு. அதன் அடியில் 1867 என்ற ஆண்டும், 8, அடெல்ஃபி டெரஸ் என்ற முகவரியும் இருக்கின்றன. அக்காலத்துக் கவிதைகள் பலவற்றின் கீழ் ஹார்டி குறிப்பது வெஸ்ட்போர்ன் பார்க் வில்லாஸ், அவர் குடியிருந்த வீடு. அடெல்ஃபி டெரஸோ லண்டனில் அவர் உதவியாளராகப் பணிபுரிந்த கட்டடக்கலைஞர் ஆர்தர் பிளாம்ஃபீல்டின் அலுவலகம். ஆடம் சகோதரர்கள் கட்டிய செவ்வியல் பாணி வரிசைக் கட்டடம். தேம்ஸ் நதியைப் பார்த்த அறை. அங்கே இருந்த பளிங்குக் கணப்பு முகப்புகளில் உதவியாளர்கள் கேலிச்சித்திரம் கிறுக்கினார்கள். கவிதையின் காணிக்கையும் பிளாம்ஃபீல்டுக்கே. 1889இலேயே அவர் 'சர்' பட்டம் பெற்றுவிட்டார். 1898இல் உயிரோடும் இருந்தார். ஆனால் காணிக்கையில் பட்டம் இல்லை, ஏ. டபிள்யூ. என்ற முதலெழுத்துகளே உள்ளன. அலுவலகக் காலத்திலேயே எழுதப்பட்ட காணிக்கை அப்படியே அச்சேறியது என்று கொள்ளவே எனக்குத் தோன்றுகிறது. முப்பது ஆண்டு கழித்துப் பழைய பழக்கத்தில் அப்படி எழுதியிருக்கலாம் என்பதையும் மறுக்க வழியில்லை.

கவிதை சொல்வது என்ன? பெருஞ்சொத்துக்கு வாரிசான இளம்பெண் வீடு கட்டக் கேட்கிறாள். அவளுடைய முதல் ஆசையே கோதிக்தான்: பூவேலைச் சாளரமும் கூர்வளைவும் வைத்து, மணமும் தேனீயும் உள்ளே வர வேண்டும். கட்டடக்கலைஞன் அதைத் தள்ளிவிடுகிறான். குளிர்காலம் வரும், அடைத்த சுவரே மேல் என்கிறான். கண்ணாடி முகப்பு, காதலுக்கொரு சிற்றறை, கடைசியில் தனியே அழுவதற்கு ஒரு குறுகிய சுழல்படிக் கோபுரம் என்று அவள் கேட்டுக்கொண்டே போகிறாள். அவன் ஒவ்வொன்றாக மறுத்து, சவப்பெட்டியை இறக்குமளவுக்குப் படிக்கட்டில் இடம் விடச் சொல்லி முடிக்கிறான். அவள் பேச்சு ஐந்தடி, அவன் மறுமொழி ஏழடி. மறுமொழி ஒவ்வொன்றும் இரண்டு குற்றடிகளோடு தொடங்குகிறது. இந்த அளவு எங்கும் பிசகுவதில்லை. தொழிலுக்குள் இருந்துகொண்டு தொழிலைப் பற்றியே எழுதிய கவிதையில் கோதிக்கை ஒதுக்குகிறவன் கட்டடக்கலைஞன். யாப்போ அளவுகோல் பிடித்தது.

மற்ற ஆசிரியர் ஹிக்ஸின் நினைவாக எழுதிய 'மடாலயக் கல்தச்சன்' 1911ஐச் சேர்ந்தது. கோதிக் பாணி ஒன்றின் பிறப்பே அதன் பொருள். அதுவும் ஈரடி இயைபில் சீராக நடக்கிறது. இரு ஆசான்களுக்கும் செலுத்திய காணிக்கைகளில் அந்தப் புகழ்பெற்ற ஒழுங்கின்மையைக் காணோம்.

அலுவலகம் ஒன்றுமே தரவில்லை என்பதல்ல என் கருத்து. கட்டும் முன்பே தாளில் முழுவதையும் வகுத்துவிடும் பழக்கத்தைத் தந்தது. இதற்கான சான்றும் அதே வாழ்க்கை வரலாற்றிலேயே கிடக்கிறது. ஹார்டியின் தாள்களில் செய்யுள் எலும்புக்கூடுகள் ஏராளமாக இருந்தனவாம்: சொல்லே இல்லாமல் நெடில், குறில், அழுத்தக் குறிகள் மட்டும் இட்ட புதுப்புது வடிவங்கள், சிலவற்றில் அர்த்தமற்ற சொற்களை நிரப்பிப் பார்த்திருக்கிறார். இது வரைபலகைக்காரர் வேலை. 'எதிர்பாராத' சந்தங்கள் தாளில் முன்னமே திட்டமிடப்பட்டவை. 1898 தொகுதிக்கு அவர் தாமே வரைந்த படங்களிலும் இதைப் பார்க்கலாம். 'அவளுடைய தர்மசங்கடம்' கவிதைக்கான படம் தேவாலயத்தின் குறுக்குவெட்டு. மேலே காதலர் இருவர், தளத்துக்குக் கீழே புதைந்து கிடக்கும் பிணங்கள்.

அப்படியானால் ஒழுங்கின்மை எங்கிருந்து வந்தது? தந்தையின் பிடில் இசை, கிராமத் தேவாலயப் பாட்டு, ஹிக்ஸின் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் பள்ளி நடத்திய டார்செட் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் என்று நான் கருதுகிறேன். பார்ன்ஸின் கவிதைகளை 1908இல் ஹார்டியே தேர்ந்து பதிப்பித்தார். இந்த இடத்தில் சான்று மெலிந்ததுதான். என் வாதத்துக்கு முழுதும் இணங்காத கவிதையும் உண்டு: 'மங்கிய நிறங்கள்' அதே 1867ஐச் சேர்ந்தது, அதன் அழுத்தங்கள் தாராளமாக நகர்கின்றன. அச்சுக்கு முன் திருத்தியிருந்தால் அந்த ஆண்டு யாப்புக்குச் சான்றாகாது. ஆனால் அதே ஐயம் என் கவிதையின் ஆண்டையும் தொடும். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

ஹார்டியின் கட்டடக்கலைக் குறிப்பேடு 1966இல் அப்படியே நகலச்சாக வந்துவிட்டது. கவிதை ஆய்வாளர்கள் வாழ்க்கை வரலாற்றின் 1930ஆம் ஆண்டுப் பாகத்தில் உள்ள அந்த ஒரு பத்தியை மேற்கோள் காட்டுவதை நிறுத்திவிட்டு, இக்குறிப்பேட்டையும் 1898 தொகுதியையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.