கடலின் வக்கீலும் ஆக்காண்டியும்

மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் திருகோணமலைக்குப் போகிறவர்கள் வாகரைக்குச் சற்று முன்னால் பனிச்சங்கேணிப் பாலத்தைக் கடப்பார்கள். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். அந்த வெளியில் யாராவது இறங்கி நடந்தால் முதலில் கூச்சல் போடுவது ஆக்காண்டிதான். புத்தகத் தமிழில் ஆள்காட்டி என்பார்கள். கூடு கட்டத் தெரியாத பறவை. வெறுந்தரையில் சிறு குழி பறித்து நாலு முட்டை இடும். மனிதனோ நாயோ கிட்ட வந்தால் தலைக்கு மேலே பறந்து கத்தும். கத்துவதைத் தவிர அதற்கு வேறு ஆயுதம் இல்லை.

இந்தப் பறவைக்கு இலக்கியத்தில் ஒரு பெரிய வழக்கு உண்டு. வாதி அது, பிரதிவாதி கடல்.

கதை பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் வருகிறது. கடற்கரையில் டிட்டிபம் என்ற பறவைச் சோடி வாழ்ந்தது. பெட்டை, “இங்கே முட்டையிட வேண்டாம், கடல் கொண்டுபோய்விடும்” என்றது. “கடலுக்கு அவ்வளவு துணிவா?” என்று சேவல் வீறாப்புப் பேசியது. கேட்டுக்கொண்டிருந்த கடல், இந்தச் சின்னப் பறவையால் என்ன செய்ய முடியும் என்று பார்த்துவிடலாமென முட்டைகளை அள்ளிக்கொண்டது. சேவல் பறவைக் குலத்தையெல்லாம் கூட்டியது. அவை கருடனிடம் போயின, கருடன் திருமாலிடம் போனான். திருமால் மிரட்டக் கடல் முட்டைகளைத் திருப்பிக் கொடுத்தது.

ஆறாம் நூற்றாண்டில், ஈரானிய மன்னர் அனூஷிர்வானின் காலத்தில் (531–579), புர்ஸோய் என்ற மருத்துவர் இந்த நூலைப் பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து 750ஆம் ஆண்டளவில் இப்னுல் முகப்பஃ அதனை அறபியில் ‘கலீலா வ திம்னா’ ஆக்கினார். டிட்டிபம் அறபியில் தீத்தவா ஆயிற்று. பெயரை யாரும் மொழிபெயர்க்கவில்லை, பறவையின் கூச்சலே எல்லை கடந்து போயிருக்கிறது. கருடனுடைய இடத்தில் அன்கா என்னும் பறவையரசி வந்தாள். திருமாலுக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் என்னை நிறுத்தி வைத்த மாற்றம் வேறு. அறபியில் குஞ்சுகளைக் கொண்டுபோவது கடல் இல்லை. ‘வகீலுல் பஹ்ர்’, அதாவது கடலின் வக்கீல், கடலின் காரியகாரன். நீதிமன்ற வாசலில் நாம் சொல்லும் வக்கீல் என்ற சொல்லேதான். கடல் பாட்டுக்குக் கிடக்கிறது. அதன் பெயரால் ஒரு அதிகாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறான். பறவைப் படை வருகிறது என்று அறிந்ததும் சண்டைக்கு நிற்காமல் குஞ்சுகளைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்பவனும் அவன்தான். கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கிய எவருக்கும் இந்த ஆளை அடையாளம் தெரியும். இப்னுல் முகப்பஃ தாமே அரசாங்க எழுத்தராக இருந்தவர்.

எளியவனை இளக்காரமாக எண்ணாதே என்பதற்கு இக்கதையைச் சொல்வது வழக்கம். ரூமி மஸ்னவியின் முதற் புத்தகத்தில் விரித்துச் சொல்லும் முயலும் சிங்கமும் கதையும் இதே நூலிலிருந்து போனதுதான். முயல் சிங்கத்தைக் கேணிக்குள் பாய வைத்த கதை. லா ஃபொன்தேன் 1678இல் தம் இரண்டாவது தொகுதியைக் கொண்டுவந்தபோது இந்திய ஞானி பில்பேயிடம் தாம் பட்ட கடனை ஒப்புக்கொண்டார். அக்பரின் அவையில் அபுல் ஃபஸ்ல் 1588இல் பாரசீகத்தில் புதுக்கி எழுதினார். தமிழில் தாண்டவராய முதலியாரின் வசனப் பஞ்சதந்திரம் 1826இல் அச்சாயிற்று, மராத்தியிலிருந்து. இவ்வளவு தூரம் நடந்த நூலிலிருந்து பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு வந்து சேரும்போது ஒரு விடயம் மட்டும் உதிர்ந்துவிடுகிறது. இந்தக் கதையை யார் யாருக்குச் சொன்னது?

சொன்னவன் திம்னா. நரி. கேட்டது எருது. சிங்க அரசனும் எருதும் உயிர் நண்பர்கள். திம்னா சிங்கத்திடம் போய் எருதைப் பற்றிக் கோள் சொன்னான், எருதிடம் வந்து சிங்கத்தைப் பற்றிக் கோள் சொன்னான். எருது சண்டைக்கு ஆயத்தமானபோதுதான், பலவீனமான எதிரியைக்கூட அற்பமாக எண்ணக்கூடாது, பலமுள்ள சிங்கத்தை எப்படி எண்ணலாம் என்று நிதானம் போதிப்பவன் போல இக்கதையை எடுத்தான். சொன்ன கையோடு, சிங்கம் வாலை உயர்த்தி வாயைப் பிளந்து நின்றால் உன்னைக் கொல்லப் போகிறது என்று அறிந்துகொள் எனவும் சொல்லி அனுப்பினான். எருது செத்தது. கதையில் பிழை இல்லை, சொன்ன வாய்தான் பிழை. எங்கள் கரையிலும் எளியவரின் பெருமை பேசிய மேடைகளை நாம் பார்த்திருக்கிறோம், தமிழர் பக்கத்திலும் முஸ்லிம்கள் பக்கத்திலும். பேசியவர்கள் பலர் மூப்படைந்து வீட்டில் இருக்கிறார்கள். கேட்டவர்கள் இல்லை.

வடமொழி நூலில் நரி தண்டனையின்றித் தப்பிவிடுகிறது, மந்திரியாகவும் இருக்கிறது. இது இப்னுல் முகப்பஃவுக்குப் பொறுக்கவில்லை போலும். அறபியில் திம்னாவின் விசாரணை என்று தனி அத்தியாயமே உண்டு. அது அவர் சேர்த்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. சிங்கத்தின் தாய் விடாமல் நிற்கிறாள். திம்னா வாய்ச்சாலகத்தால் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் உடைக்கிறான். சிறையில் அவன் கலீலாவோடு பேசியதை ஒட்டுக்கேட்ட ஒரு மிருகம் இருக்கிறது. ஒரு சாட்சியால் தீர்ப்பு நிற்காது என்று அது வாய் திறக்காமல் இருக்கிறது. சிறுத்தை சாட்சி சொல்ல முன்வந்த பிறகே அதுவும் வருகிறது. இரண்டு சாட்சிகள் சேர்ந்ததும் திம்னாவுக்கு மரணம். சாட்சிச் சட்டம் தெரிந்த வாசகனுக்காக எழுதிய இடம் இது. இலக்கிய ரீதியில் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் எனக்கு அந்த அத்தியாயம் வேண்டும்.

எழுதியவருக்கு அப்படி ஒரு விசாரணை கிடைக்கவில்லை. கலீபா மன்சூருக்கு எதிராகக் கிளம்பித் தோற்ற அவருடைய சிற்றப்பனுக்கு அபயப் பத்திரம் எழுதும் பொறுப்பு இப்னுல் முகப்பஃவிடம் வந்தது. கலீபா வாக்கு மீறவே முடியாதபடி வாசகங்களை இறுக்கி எழுதினார். அதனால்தான் கொல்லப்பட்டார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. 750களின் பிற்பகுதியில், பஸராவின் ஆளுநர் கையால். வயது நாற்பதைத் தொடவில்லை.

பனிச்சங்கேணியில் ஆக்காண்டி இன்னமும் கத்துகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து பிள்ளைகளை அள்ளிப்போன கரை அது. தீத்தவாவின் கதையை அங்கே சொல்ல எனக்கு நா எழவில்லை. கிழக்கின் நாட்டார் பாடலிலும் ஓர் ஆக்காண்டி இருக்கிறது. எங்கே முட்டையிட்டாய் என்று அதனிடம் கேட்கிறார்கள், அது கடற்கரையைச் சொல்கிறது. சண்முகம் சிவலிங்கம் அதைத் தொட்டு ‘ஆக்காண்டி’ என்றே ஒரு கவிதை செய்தார். அந்தப் பாடலுக்குள் அன்கா வருவதில்லை, சமாதானம் பேச வக்கீலும் வருவதில்லை. குஞ்சுகளுக்கு இரை தேடிப் போன தாய், கண்ணியில் அகப்பட்டு அழுகிறது.