கான்ஃபூவின் இரு கடிதங்கள்

கடல் கடந்து பொருளீட்டச் செல்வோர்க்கு, போகுமிடமெல்லாம் காட்ட வேண்டிய ஆவணங்கள் பெருந்தொல்லையாகவே தோன்றும். இவை யாருடைய நன்மைக்காக எழுதப்படுகின்றன? ஒன்பதாம் நூற்றாண்டில் சீனத்தில் வாணிபம் செய்த முஸ்லிம்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

ஹிஜ்ரி 237-இல் (கி.பி. 851) எழுதப்பெற்று, வணிகர் ஸுலைமானின் பெயரால் வழங்கும் அரபுக் குறிப்புகள், தென்சீனத் துறைமுகமான கான்ஃபூவை, அதாவது இன்றைய குவாங்சௌவை, விரிவாகப் பேசுகின்றன. கப்பலில் வரும் சரக்குகளை அரசு ஆறு மாதம் வரை பண்டகசாலையில் வைத்திருந்து, பத்தில் மூன்று பங்கைத் தீர்வையாக எடுத்துக்கொள்ளும். முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்க்க அரசர் நியமித்த முஸ்லிம் நீதிபதி ஒருவரும் அங்கிருந்தார்.

உள்நாட்டில் பயணம் செய்வோர் இரு கடிதங்கள் பெற வேண்டும். ஆளுநரின் கடிதத்தில் பயணியின் பெயர், வயது, குலம், உடன் வருவோர் விவரம் ஆகியவை இருக்கும். அரண்மனை அதிகாரியின் கடிதம் அவர் கொண்டுசெல்லும் பணத்தையும் சரக்கையும் குறிக்கும். வழியிலுள்ள காவற்சாவடிகளில் இரண்டையும் பார்த்து, இன்னார் இன்ன நாளில் இன்ன பொருளுடன் வந்தார் எனப் பதிவு செய்வார்கள். பொருள் தொலைந்தால் எங்கே தொலைந்தது என்பது தெரியவரும். பயணி இறந்துவிட்டால் அவருடைய உடைமை வாரிசுகளைச் சென்றடையும்.

அதிகாரியே பொருளைப் பறித்தால் என்ன செய்வது? இக்குறிப்புகளைத் தொடர்ந்தெழுதிய அபூஸைத் ஸீராஃபீ ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். குராசான் வணிகர் ஒருவருக்கும் கான்ஃபூவின் அரண்மனை அதிகாரிக்கும் தந்தம் தொடர்பாகத் தகராறு எழ, அதிகாரி அவரது சரக்கில் சிறந்தவற்றைக் கைப்பற்றிக்கொண்டார். வணிகரோ இரண்டு மாதத்திற்கும் மேலாகப் பயணம் செய்து தலைநகர் கும்தானை அடைந்து, முறையீட்டுச் சங்கிலியை இழுத்தார். வழக்கப்படி அவரைத் தொலைவிடத்திற்கு அனுப்பி, இரண்டு மாதம் காவலில் வைத்து, முறையீடு பொய்யானால் உயிருக்கே ஆபத்து என்றும் எச்சரித்தனர். அவர் பின்வாங்கவில்லை. பேரரசர் தனித்தனி வழிகளில் விசாரித்து உண்மையறிந்து, அதிகாரியைப் பதவி நீக்கினார். உயிரோடிருப்போரை ஆளத் தெரியாதவர் என்று கண்டித்து, அரச கல்லறைகளைக் காக்க அனுப்பினார்.

பின்னர் ஹுவாங் சாவோவின் கிளர்ச்சியில் கான்ஃபூ அழிந்தது. முஸ்லிம்கள், யூதர்கள், கிறிஸ்தவர்கள், மஜூஸிகள் என 1,20,000 பேர் கொல்லப்பட்டதாக அபூஸைத் எழுதுகின்றார். அந்நியரை அரசு தலைக்கணக்கு எடுத்து வைத்திருந்ததாலேயே இத்தொகை தெரியவந்தது என்றும் அவரே குறிப்பிடுகின்றார். அந்நியரின் உடைமையைக் காப்பதற்கென எழுதி வைத்த அரசின் பதிவேடுகள், அவர்களைக் காக்க அரசு இல்லாதபோது மாண்டோரின் கணக்காக மட்டுமே எஞ்சின.